பச்சை விளக்கிலிருந்து பீப் வரை: ஓட்டு மிஷினில் தவறு எங்கே நடக்கிறது?

காகிதத்தில் முத்திரை குத்திய காலத்தில் தவறு கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு சின்னத்துக்கு நடுவில் குத்திய சீட்டை எண்ணும் மேசையில் தனியே ஒதுக்கி, செல்லாத ஓட்டு என்று கணக்கில் எழுதுவார்கள். மை காயுமுன் மடித்துவிட்டால் எதிர்ப்பக்கத்திலும் தடம் ஒட்டிக்கொள்ளும் என்பதால் முத்திரையையே சுழலும் அம்புக்குறி வடிவில் செய்திருந்தார்கள். அம்பு எந்தத் திசையில் சுழல்கிறது என்று பார்த்தால் எது குத்தியது, எது மடிப்பில் ஒட்டியது என்று சொல்லிவிடலாம். வாக்காளரின் கை தவறும் என்று ஒப்புக்கொண்டு யோசித்துச் செய்த வடிவம் அது.

மிஷின் வந்த பிறகு செல்லாத ஓட்டு என்பதே இல்லாமல் போனது. ஆனால் தவறு இல்லாமல் போகவில்லை. பக்கத்து வரிசையில் விழுந்த ஓட்டும் நல்ல ஓட்டாகவே எண்ணப்படுகிறது. அது தவறு என்று அழுத்தியவருக்கு மட்டும்தான் தெரியும். பல நேரம் அவருக்கும் தெரியாது. 2024 மக்களவைத் தேர்தலில் மும்பை வடமேற்குத் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 48 ஓட்டு. ஒரு சாலின் (வரிசையாக அறைகள் கொண்ட குடியிருப்பின்) இரண்டு மாடியில் அதைவிட அதிகம் பேர் குடியிருக்கிறார்கள்.

தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர் பக்கம் இருக்கும் நம் மும்பைத் தமிழர்களுக்குக் கூடுதலாக ஒரு கஷ்டம் உண்டு. மிஷினில் ஒட்டியிருக்கும் தாளில் மராத்தி எழுத்துதான் முன்னால் நிற்கும். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டியும், எந்த எழுத்தும் படிக்காத பெரியவரும் சின்னத்தை மட்டும் நம்பி உள்ளே போகிறார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். வெளியே வந்ததும் அவர்கள் என்னென்ன சொல்கிறார்களோ, அதையே தலைப்பாக வைத்திருக்கிறேன்.

அதற்கு முன், எல்லாம் ஒழுங்காக நடந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். மேசையில் இருக்கும் அலுவலர் தன் கன்ட்ரோல் யூனிட்டில் ஒரு பட்டனை அழுத்துவார். மறைப்புக்குள் இருக்கும் ஓட்டு மிஷினின் மேல் பக்கம் பச்சை விளக்கு எரியும். நீங்கள் நீலப் பட்டனை அழுத்துவீர்கள். அதன் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். அருகில் இருக்கும் விவிபேட் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு சீட்டு 7 விநாடி தெரியும்; வேட்பாளரின் வரிசை எண், பெயர், சின்னம் மூன்றும் அதில் இருக்கும். சீட்டு அறுந்து உள்ளே விழும். அதன் பிறகு அலுவலர் மேசையிலிருந்து நீளமாக ஒரு பீப் கேட்கும். பச்சை, நீலம், சிவப்பு, சீட்டு, பீப். என்ன குழப்பம் என்றாலும் இந்த வரிசையில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கேட்டால் பாதிக்கு மேல் விடை கிடைத்துவிடும்.

“அழுத்தி அழுத்திப் பார்த்தேன், ஒண்ணும் ஆகலை”

பச்சை விளக்கு எரிந்ததா என்று முதலில் கேளுங்கள். எரியவில்லை என்றால் அலுவலர் இன்னும் மிஷினைத் திறந்துவிடவில்லை. அந்த நிலையில் எந்தப் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் எதுவும் பதியாது. மறைப்புக்குள் நின்றுகொண்டே சத்தமாகச் சொல்லலாம்: “ஹரி பத்தி நஹீன் ஜலி.” பச்சை விளக்கு எரியவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். அழுத்தியாகிவிட்டது என்று நினைத்து வெளியே வந்துவிடுவதுதான் இதில் பெரிய இழப்பு. விரலில் மை வைத்தாகிவிட்டது, பதிவேட்டில் கையெழுத்தும் ஆகிவிட்டது. பூத்தை விட்டு வெளியேறியவர் திரும்பி வந்து “என் ஓட்டு பதியவில்லை” என்றால் கேட்க ஆள் இல்லை.

“அழுத்தினேன், பீப் வரலை, திரும்ப அழுத்தினேன்”

இது பழைய பழக்கத்தால் வருவது. விவிபேட் இல்லாத நாளில் பட்டனை அழுத்திய உடனே பீப் கேட்கும். 2004லிருந்து பல தேர்தல்களில் அப்படி ஓட்டுப் போட்டுப் பழகியவர்களுக்குக் கையும் காதும் ஒன்றாகவே வேலை செய்யும். இப்போது இடையில் சீட்டு அச்சாகி, 7 விநாடி நின்று, விழுந்த பிறகுதான் சத்தம். அந்த 7 விநாடி, பின்னால் வரிசை காத்திருக்கும்போது மிக நீளமாகத் தோன்றும். பதறிப்போய்ப் பக்கத்துப் பட்டனையும் அழுத்திவிட்டு, “ரெண்டு கட்சிக்கும் போட்டுட்டேன்போல, என் ஓட்டு செல்லாதா?” என்று கவலையோடு வருபவர்கள் உண்டு.

அவர்களுக்கு ஆறுதலாகச் சொல்லலாம்: முதலில் அழுத்திய பட்டன்தான் கணக்கு. அலுவலர் அடுத்த முறை திறந்துவிடும்வரை மற்ற எந்த அழுத்தத்தையும் மிஷின் எடுத்துக்கொள்ளாது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டனை அழுத்தினாலும் ஓட்டு ஒன்றுதான் பதியும். ஆனால் இதிலேயே ஓர் ஆபத்தும் இருக்கிறது. முதல் அழுத்தம் தவறாக இருந்தால் திருத்த வழியே இல்லை. சீட்டைப் பார்க்கலாம், மாற்ற முடியாது. ரத்து செய்ய ஒரு பட்டன் வைக்காமல், பார்க்க மட்டும் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறார்கள். தன் தவறைக் கண்ணால் கண்டும் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்கும் ஒரு முதியவரை யோசித்துப் பாருங்கள். வடிவமைப்பில் இது ஒரு குறை என்றே நான் கருதுகிறேன். ஆகவே கவனம் முழுவதும் அழுத்துவதற்கு முன்பே இருக்க வேண்டும். அழுத்திய பிறகு கையை எடுத்துக் கீழே போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தது, சீட்டு வரவில்லை, பீப்பும் இல்லை என்றால் வெளியே வராமல் “பர்ச்சி நஹீன் தீகி”, அதாவது சீட்டு தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். அச்சுப் பெட்டியில் கோளாறு இருந்தால் அலுவலரின் கருவியில் அது தெரியும். விவிபேட் மட்டும் கெட்டிருந்தால் அதை மட்டும் மாற்றுவார்கள். ஓட்டு மிஷினோ கன்ட்ரோல் யூனிட்டோ கெட்டால் மூன்றையும் சேர்த்தே மாற்றுவார்கள். எத்தனை நேரமானாலும் காத்திருங்கள்.

“நம்ம சின்னம் இருந்துச்சு, ஆனா ஆள் அவரில்லையே”

மும்பையில் இப்போது அதிகம் கேட்கும் குழப்பம் இதுதான். பல வருடமாகக் கண்ணில் பதிந்த சின்னங்கள் கை மாறிவிட்டன. சிவசேனா பிளந்தபின் வில்-அம்பு 2023 பிப்ரவரியில் ஷிண்டே அணிக்குப் போனது. உத்தவ் தாக்கரே அணிக்குத் தீப்பந்தம். தேசியவாத காங்கிரஸின் கடிகாரம் 2024 பிப்ரவரியில் அஜித் பவார் அணிக்குக் கிடைத்தது. சரத் பவார் அணிக்குத் துதாரி (ஊதுகொம்பு) ஊதும் மனிதன். யாருக்கு ஓட்டுப் போடுவது என்பது அவரவர் விருப்பம். ஆனால் வில்-அம்பைப் பார்த்ததும் மனதில் ஒரு தலைவரின் முகம் வரும் என்றால், அந்த முகம் இன்றும் அந்தச் சின்னத்தோடுதான் இருக்கிறதா என்று வீட்டிலேயே பேசித் தெளிந்துகொள்ள வேண்டும். பூத்துக்குள் போய் யோசிக்க நேரம் இருக்காது.

சாத்தாரா தொகுதியில் நடந்தது இதைவிட நுட்பமானது. 2024ல் சரத் பவார் கட்சி அங்கே 32,771 ஓட்டில் தோற்றது. அதே தொகுதியில், ஊதுகுழல் சின்னம் பெற்ற ஒரு சுயேச்சைக்கு 37,062 ஓட்டு விழுந்தது. கட்சியின் சின்னம் துதாரி ஊதும் மனிதன்; சுயேச்சையுடையது ஊதுகுழல் மட்டும். மராத்தியில் இரண்டையும் துதாரி என்றே சொன்னார்கள். “துதாரிக்குப் போடுங்கள்” என்று பிரசாரத்தில் கேட்டுவிட்டுப் போனவர் கண்ணில் எது முதலில் படுகிறதோ அதை அழுத்தியிருக்கலாம். அந்த 37,062 பேரும் தவறிப்போனவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் பெரிய செல்வாக்கில்லாத ஒரு சுயேச்சைக்கு இத்தனை ஓட்டு என்றால், வாக்காளரின் அறியாமை என்று அதை ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. சின்னப் பட்டியலைத் தயாரித்த இடத்தில்தான் முதல் கேள்வி எழ வேண்டும்.

பெயரிலும் இதே கதைதான். 2014ல் ராய்கட் தொகுதியில் சுனில் தட்கரே 2,110 ஓட்டில் தோற்றார்; அதே பெயர் கொண்ட இன்னொருவருக்குச் சுயேச்சையாக 9,849 ஓட்டு. தமிழ்நாட்டிலும் பார்த்தோம்: 2024ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, மேலும் ஐந்து பன்னீர்செல்வங்கள் மனு செய்து களத்தில் இருந்தார்கள். அவரும் சுயேச்சை என்பதால் எல்லாரும் ஒரே பிரிவில், அகரவரிசையில் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ஒருவரை நிற்காதே என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2024 மே மாதம், ஒரே பெயர் வேட்பாளர்களுக்கு எதிரான ஒரு வழக்கை ஏற்க மறுத்துவிட்டது.

இந்தக் குழப்பத்துக்காகத்தான் 2015லிருந்து மிஷின் தாளில் வேட்பாளர் படம் வந்தது. தபால்தலை அளவில் கறுப்பு-வெள்ளைப் படம். மங்கிய வெளிச்சத்தில் எல்லா முகமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. 2025 செப்டம்பரில் தேர்தல் ஆணையம் விதியைத் திருத்தியது. படம் வண்ணத்தில், படத்துக்கான இடத்தில் முக்கால் பங்கு முகமாக இருக்க வேண்டும். வரிசை எண் தடித்த எழுத்தில் 30 அளவில் இருக்க வேண்டும். பீகார் தேர்தலில் தொடங்கி இது நடைமுறைக்கு வந்தது.

அந்த எண்தான் நமக்கு முக்கியம். மராத்தி படிக்கத் தெரியாத பாட்டிக்கும் 1, 2, 3 தெரியும். காய்கறி விலையும் பஸ் நம்பரும் அவர் பார்க்கிறார். வேட்பு மனுவைத் திரும்பப் பெறும் கெடு முடிந்ததும் வரிசை எண் உறுதியாகிவிடும், அதன்பின் மாறாது. பூத் வாசலில் ஒட்டியிருக்கும் வேட்பாளர் பட்டியலிலும், மிஷினிலும், விவிபேட் சீட்டிலும் அதே எண்தான். “சின்னம் இது, நம்பர் 6, முகம் இவர்” என்று மூன்றாகச் சொல்லிக்கொடுங்கள். மூன்றும் ஒரே வரிசையில் பொருந்தினால் அழுத்தலாம். ஒன்று பொருந்தாவிட்டாலும் கையை எடுத்துவிட்டுத் திரும்பவும் மேலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு உள்ளே பார்த்துக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம். அதை உள்ளே விடமாட்டார்கள்.

“நான் தேடுனவர் பேரே இல்லை”

பெரும்பாலும் இருக்கும், பக்கத்து மிஷினில். ஒரு ஓட்டு மிஷினில் 16 வரிசைதான். நோட்டாவும் அதில் ஒன்று. 15 வேட்பாளருக்கு மேல் போனால் இரண்டாவது மிஷின் வந்துவிடும். சரியாக 16 பேர் நின்றால் இரண்டாவது மிஷினில் நோட்டா மட்டும் தனியாக இருக்கும். 2023ல் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேர் நின்றதால் ஐந்து மிஷின் வைத்தார்கள். 2019ல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 வேட்பாளர், பன்னிரண்டு மிஷின். நமக்கெல்லாம் 1996 மொடக்குறிச்சி நினைவிருக்கும். 1,033 வேட்பாளர், ஓட்டுச்சீட்டே புத்தகமாக அச்சாகிவிட்டது.

அகரவரிசைதான், ஆனால் மூன்று பிரிவாக இருக்கும்: முதலில் அங்கீகாரம் பெற்ற தேசிய, மாநிலக் கட்சிகள், அடுத்து பதிவு மட்டும் பெற்ற கட்சிகள், கடைசியில் சுயேச்சைகள். மேலிருந்து கீழ்வரை ஒரே அகரவரிசை என்று தேடுபவர் பாதியில் குழம்புவார். கட்சி வேட்பாளரைத் தேடுகிறீர்கள், அதே பெயர் பட்டியலின் அடிப்பகுதியில் கண்ணில் பட்டது என்றால் அது அவர் இல்லை என்பதற்கு இந்தப் பிரிவே ஒரு அடையாளம். எத்தனை மிஷின் இருந்தாலும் ஒருவருக்கு ஓர் ஓட்டுதான். முதல் மிஷினில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று என்று நினைக்க வேண்டாம்.

“விரல் பக்கத்துப் பட்டனில் பட்டுடுச்சு”

2000ல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஃபுளோரிடாவில் பாம் பீச் மாவட்டத்தில் நடந்ததை உலகமே பேசியது. பெயர்களை இடது பக்கமும் வலது பக்கமுமாக அச்சிட்டு, துளைகளை நடுவில் ஒரே வரிசையில் வைத்தார்கள். இடது பக்கத்தில் அல் கோர் பெயர் இரண்டாவது. ஆனால் இரண்டாவது துளை வலது பக்கத்தில் இருந்த பியூக்கனனுக்கு உரியது. அந்த மாவட்டத்தில் பியூக்கனனுக்கு 3,407 ஓட்டு விழுந்தது. இரண்டு துளை போட்டதால் 19,000க்கும் மேற்பட்ட சீட்டுகள் தள்ளுபடி. மாநிலம் முழுவதற்கும் வெற்றி வித்தியாசம் 537. படித்தவர் நிறைந்த ஊரில், ஒரு தாளை அச்சிட்ட விதம் அதைச் செய்தது.

நம் மிஷினில் எண், பெயர், படம், சின்னம், விளக்கு, பட்டன் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பது நல்ல அமைப்பு. ஆனால் பதினாறு வரிசையும் நெருக்கமானவை. அட்டை மறைப்புக்குள் நிழல் விழும். கண்புரை உள்ளவர் சின்னத்தை இடதில் பார்த்துவிட்டுப் பட்டனுக்குப் பார்வையை நகர்த்தும்போது ஒரு வரிசை நழுவிவிடும். இதற்கு எளிய வழி உண்டு. இடது கை விரலைச் சின்னத்தின் மேல் வைத்து, எடுக்காமல் அப்படியே வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், விரல் நிற்கும் பட்டனை வலது கையால் அழுத்த வேண்டும். வீட்டில் ஒரு காலண்டர் தாளில் இரண்டு முறை பழக்கினால் போதும். வெளிச்சம் போதவில்லை என்றால் அலுவலரிடம் சொல்லலாம். விளக்குக் கேட்பது உரிமை.

“சீட்டுல வேற சின்னம் வந்துச்சு”

இதை நிதானமாகக் கையாள வேண்டும். முதலில், சிவப்பு விளக்கு எந்த வரிசையில் எரிந்தது என்று நினைவுபடுத்திக் கேளுங்கள். விளக்கும் சீட்டும் ஒன்றையே காட்டியிருந்தால் விரல்தான் நழுவியிருக்கிறது. விளக்கு ஒன்றிலும் சீட்டு இன்னொன்றிலும் என்று உறுதியாகச் சொன்னால் தேர்தல் நடத்தை விதி 49எம்ஏ பொருந்தும். வெளியேறாமல் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் சொல்ல வேண்டும். அவர் எச்சரித்துவிட்டு எழுத்தில் உறுதிமொழி வாங்குவார். பிறகு தானும் ஏஜெண்டுகளும் பார்க்க ஒரு சோதனை ஓட்டுப் போடச் சொல்வார். சீட்டு மாறி வந்தால் வாக்குப்பதிவை உடனே நிறுத்தி மேலிடத்துக்குத் தகவல் போகும். சரியாக வந்தால் பொய்யான உறுதிமொழி என்று 6 மாதம் வரை சிறையோ அபராதமோ வரலாம். சோதனை ஓட்டைக் கணக்கிலிருந்து கழித்துவிடுவார்கள்.

இந்தத் தண்டனை விதி எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. வேண்டுமென்றே கலாட்டா செய்பவரைத் தடுக்க அது தேவை என்று வாதிடலாம். ஆனால் உண்மையிலேயே சந்தேகப்பட்ட ஒரு கூலித் தொழிலாளி, தெரியாத மொழியில் எச்சரிக்கையைக் கேட்டுவிட்டு வாய் திறப்பாரா?

“பாட்டிக்குக் கண் தெரியலை, அவங்களே அழுத்தித் தர்றேன்னாங்க”

அலுவலரோ ஏஜெண்டோ மறைப்புக்குள் வந்து அழுத்தித் தரக்கூடாது. அட்டையில் அச்சிட்ட மாதிரியைக் காட்டி வெளியே விளக்கலாம், அவ்வளவுதான். பார்வையில்லாதவரும் உடல் இயலாதவரும் 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போக விதி 49என் அனுமதிக்கிறது. துணைக்கு வருபவர் ரகசியம் காப்பேன் என்று எழுதிக்கொடுக்க வேண்டும். அன்று ஒருவருக்கு மட்டும்தான் துணை போகலாம். “சாத் மே பேட்டி ஆயேகி” (கூடவே மகள் வருவாள்) என்று நுழையும்போதே சொல்லிவிடுங்கள். பிரெயில் படிக்கத் தெரிந்தவர் தானே போடலாம். பட்டன் ஓரத்தில் பிரெயில் எண் இருக்கும், வேட்பாளர் பட்டியலின் பிரெயில் பிரதியும் அலுவலரிடம் கேட்டால் கிடைக்கும்.

“என் பேர்ல யாரோ போட்டுட்டாங்களாம்”

தமிழ்நாட்டில் 49பி என்று பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நீங்கள்தான் நீங்கள் என்று அடையாளம் நிரூபித்தால் காகித ஓட்டுச்சீட்டு தருவார்கள். முத்திரை குத்தியதும் அது தனி உறைக்குள் போகும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது. நீதிமன்றம் கேட்டால்தான் திறக்கும். இருந்தாலும் போட்டுவிட்டு வாருங்கள். பதிவில் நிற்கும் சாட்சி அது ஒன்றுதான்.

“தாணேயில் என் தங்கச்சி நாலு பட்டன் அழுத்தினாளாமே?”

உண்மைதான். மாநகராட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். அது வேறு அமைப்பு, விதியும் வேறு. மும்பை மாநகராட்சியில் 227 வார்டு, வார்டுக்கு ஒருவர், ஆகவே ஒரே அழுத்தம். தாணே போன்ற மற்ற மாநகராட்சிகளில் ஒரே வார்டுக்குப் பெரும்பாலும் நான்கு பேர். அ, ப, க, ட என்று பிரித்து, ஒவ்வொரு இடத்துக்கும் தனி நிறத் தாள் ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பட்டன் அழுத்த வேண்டும். ஒன்றை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரியும்; ஆனால் நான்கும் முடிந்த பிறகுதான் நீண்ட பீப். முதல் விளக்கைப் பார்த்துவிட்டு வந்துவிட்டால் அலுவலர் திரும்பக் கூப்பிடுவார். பதற்றப்படாமல் போய் முடிக்கலாம். ஒரு இடத்தில் யாரும் பிடிக்கவில்லை என்றால் அந்த நிறத்துக்கு உரிய நோட்டாவை அழுத்த வேண்டும். அங்கே விவிபேட் பெட்டி இருக்காது, அதனால் சீட்டைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். நிறத்தை எண்ணிக்கொண்டே போய், பீப் கேட்டதும் வெளியே வரலாம்.